கண்ணாடியில் விழுந்த முதல் முகம்

எங்கள் தெருவில் யாராவது படுத்த படுக்கையானால் என் அண்ணி ஆலெய்டைக் கூப்பிடத்தான் ஆள் வரும். அவள் வைத்தியம் தெரிந்தவள் இல்லை. எது மூலிகை, எது களை என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. அவள் வந்து கட்டிலருகே நின்றால் போதும், அவள் சட்டைக் கையை ஒரு தடவை தொட்டுக்கொண்டால் போதும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அவளுக்கு எதுவும் வருவதில்லை என்பதுதான் காரணம். ஊரே இருமிக்கொண்டு கிடந்த குளிர்காலங்களில் அவள் மாஸ் ஆற்றில் பனிக்கட்டியை உடைத்துத் துணி அலசினாள். கொள்ளைநோய் எங்கள் ஊருக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அண்டை வீட்டுப் பிணங்களைக் கழுவி, துணியில் சுற்றித் தைத்து, குழிவரைக்கும் கூட நடந்தாள். திரும்பி வந்து கூழ் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். ஒரு தும்மல் கிடையாது.

"மாதா தொட்ட உடம்புடி அது" என்று ரொட்டிக்கடைக்காரி கேட்லின் சொல்லிக்கொண்டு திரிவாள். அது ஆலெய்டின் காதில் விழுந்தால் தீர்ந்தது. கையில் இருக்கிற ஈரத்துணியை அப்படியே அவள் மேல் வீசுவாள். "தொட்டாங்களாம்! நீ வந்து பார்த்தியா? வாயை மூடிக்கிட்டு உன் அடுப்பைப் பாரு, கருகுது" என்பாள். அடுப்பும் கருகிக்கொண்டுதான் இருக்கும்.

அவளுக்குத் தன் ஆரோக்கியம் பிடிக்கவில்லை. திருடிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கிறவள் போலத்தான் அந்த உடம்போடு நடந்தாள். ஏன் என்று முழுதாகத் தெரிந்தது எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான்.

நான் நேசே. பீர் காய்ச்சி விற்கிறவள். என் அண்ணன் ரெய்னருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் ஆலெய்ட். நாத்தனாரும் அண்ணியும் என்றால் என்ன இருக்குமோ அது எங்களுக்குள்ளும் இருந்தது. நேற்றுக் காய்ச்சிய பீரை நன்றாகப் புளித்தது என்று சொல்லி விற்பேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்கு வாங்கிக்கோங்க, அவ சொல்றதை நம்பாதீங்க" என்று வாடிக்கையைக் கெடுப்பாள். பொய் அவளுக்கு ஆகாது. எனக்கோ பொய் இல்லாமல் பிழைப்பு இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கோசன். அதற்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலைத் தாண்டவில்லை. இவனும் நெஞ்சில் இழுப்போடுதான் பிறந்தான். பனி இறங்க ஆரம்பித்தால் அவன் மார்பு விசிலடிக்கும். உதடு நீலமாகிவிடும். வாய் மட்டும் அடங்காது. நான் பீர் அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, நுரையை ஊதி எடுத்துட்டு ஊத்து, பாவம் அவரு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வான். குடிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றும், கட்டிக்கொள்ளவும் தோன்றும்.

அவனுக்கு ஆறு வயது நடந்த கோடையில் ஆகன் பட்டணத்தில் திருப்பண்டங்களை வெளியே எடுத்துக் காட்டும் முறை வந்தது. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அது. கோபுரத்து மாடத்திலிருந்து மாதாவின் அங்கியை விரித்துக் காட்டுவார்கள். கீழே நிற்கிற கூட்டம் கிட்டப் போக முடியாது. அதனால்தான் கண்ணாடி. ஈயத்தில் வார்த்த சின்னச் சட்டம், மேலே மாதா உருவமும் அங்கியும், நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அங்கி விரிகிற நேரத்தில் அதை உயரப் பிடித்தால் அங்கியின் ஒளி அதற்குள் இறங்கிவிடும். உடனே துணியில் சுற்றி மூடிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு: அங்கிக்கு அடுத்தபடியாக எந்த முகம் அதில் விழுகிறதோ அந்த முகத்துக்குத்தான் அந்த அருள் முழுவதும். அப்புறம் அதை மாட்டுக்கொட்டகையில் ஆணி அடித்து மாட்டலாம், படுக்கையில் தைத்துக்கொள்ளலாம். அதெல்லாம் மிச்சம் மீதி.

ஆலெய்ட் தனியாகப் போனாள். ரெய்னர் படகை விட்டு வர முடியாது, பையனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. புறப்படும்போது கோசன் கேட்டான்.

"அம்மா, எனக்கு அங்க ஊதுவாங்களே, அந்தக் கொம்பு வேணும்."

"மூச்சு விடவே வழியில்ல, இதுல துரைக்குக் கொம்பு வேற" என்றேன் நான்.

"கண்ணாடி வந்தப்புறம் ஊதுவேன், அத்தை. உன் காது கிழியும் பாரு."

அவள் திரும்பி வந்த நாள் தெருவே வாசலில் நின்றது. பாதமெல்லாம் வெடித்திருந்தது. முழங்காலில் பெரிய காயம், பாவாடையில் சேறு. கழுத்தில் தொங்கிய பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரோடும் பேசவில்லை. நடந்த களைப்பு என்று நினைத்தோம். கோசனை வாசல் பெஞ்சில் உட்காரவைத்தோம். அவள் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு துணியைப் பிரித்து, கண்ணாடியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் முழந்தாளிட்டோம்.

பையன் உற்றுப் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"அம்மா, இதுல நீதாம்மா இருக்க."

கூட்டமும் சிரித்தது. அந்தக் கண்ணாடி பிதுங்கினாற்போல் வளைந்திருக்கும். எதிரே இருப்பது மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பதும் விழும். நானும் சிரித்தேன். "உன் மூஞ்சியும் இருக்கும்டா, நல்லாப் பாரு" என்றேன். ஆலெய்டை நான் அப்போது பார்க்கவில்லை. ரெய்னர் பார்த்திருக்கிறான். அவள் முகம் சுண்ணாம்பு போல வெளுத்ததாகப் பிறகு சொன்னான்.

மண்கொம்பையும் மறக்காமல் வாங்கி வந்திருந்தாள். கோசன் அதை வாயில் வைத்து, மூச்சை இழுத்து ஊதினான். 'புர்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். அதற்கே அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய உபவாச காலத்தில் அவன் போய்விட்டான். பனிமூட்டம் ஆற்றை விட்டு நகராமல் கிடந்த ஒரு காலைப்பொழுது. கடைசிவரை கண்ணாடி அவன் நெஞ்சின் மேல்தான் இருந்தது. அதை வைத்திருந்த இடத்தில் தோல் சிவந்து தடம் பதிந்திருந்தது.

நானும் அவளும்தான் அவனைக் குளிப்பாட்டினோம். அவன் காலைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள், குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"நான்தான் எடுத்துக்கிட்டேன், நேசே."

"என்னத்தை அண்ணி?"

"வர்ற வழியில ஓடையில வழுக்கி விழுந்துட்டேன். கல்லுமேல விழுந்தேன். கழுத்துல இருந்தது கீழே சிக்கிக்கிச்சு. 'நறுக்'குனு ஒரு சத்தம். உடைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். பதறிப்போய்ப் பிரிச்சுட்டேன். உடையலையான்னு பார்க்கத்தான் பிரிச்சேன், வேற ஒண்ணுமில்ல. உடையல. என் முகம் தெரிஞ்சுது."

துணியைப் பிழிந்தேன். மறுபடியும் நனைத்தேன்.

"என் முகத்தை அதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லடி, தண்ணியில தவிர. உடையலன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. புள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு, பார்த்தியா? இதுல நீதான் இருக்கன்னு சொன்னானே."

"அவன் விளையாட்டுக்குச் சொன்னான், அண்ணி."

"நீ பொய் சொல்லுவ" என்றாள்.

பையனைச் சுற்றிய துணிக்குள் கண்ணாடியையும் வைத்துத் தைத்துவிடப் பார்த்தாள். ரெய்னர் விடவில்லை. "செத்தவனுக்கு எதுக்கு? மாடு சினையா இருக்கு" என்று பிடுங்கிக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் ஆணி அடித்து மாட்டினான். என் அண்ணன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அழத் தெரியாதவன், அதனால் ஆணி அடித்தான். அந்த மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. ரொம்ப காலம் இருந்தது. அதைக் கறக்கும்போதெல்லாம் ஆலெய்ட் அதன் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "உனக்கும் கிடைச்சுது, எனக்கும் கிடைச்சுது" என்று முணுமுணுப்பாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு நோய் என்பதே இல்லாமல் போனது. அதற்கு முன்பும் அவள் திடமானவள்தான். இருந்தாலும் இப்போது ஒவ்வொரு வருஷமும் மற்றவர்களை எடுத்து அவளை விட்டுவைத்துக் கணக்குத் தீர்க்கிற மாதிரி வந்தது. முதல் கொள்ளைநோயில் என் புருஷன் போனான். இரண்டாவதில் ரெய்னர். அண்ணன் அக்குளில் கட்டியோடு கிடந்தபோது அவனோடு ஒரே போர்வையில் படுத்தாள். வேண்டுமென்றேதான் படுத்தாள், எனக்குத் தெரியும். அவன் போனான். இவள் எழுந்து போர்வையை எரித்துவிட்டு, கொட்டகையைப் பெருக்கினாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைத் தன் பாவமாகச் சொல்லியும் பார்த்தாள். எங்கள் சாமியார் எவர்ட் நல்ல மனுஷன். காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் கேட்கிற கேள்வியும் சொல்கிற புத்தியும் கோவில் முழுக்கக் கேட்கும்.

"அருள் என்பது குடத்துப் பீர் இல்லம்மா, ஒருத்தர் குடிச்சா இன்னொருத்தருக்கு இல்லாமப் போறதுக்கு!"

"அப்போ ஏன் சாமி அவன் செத்தான்?"

சாமியாருக்கு அது கேட்டதா கேட்கவில்லையா, தெரியாது. சொல்ல வேண்டிய ஜெபங்களைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை ஆகனில் அங்கியைக் காட்டியபோது கண்ணாடியை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மறுபடியும் நடந்தாள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனாள். அங்கே கோவில் வாசலில் நின்ற ஒரு குருவானவரிடம் நீட்டினாளாம். "மாதா கொடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் இங்க இல்ல, தள்ளிப் போம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாராம். வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கேட்க முடியாத சிரிப்பு அது. கண்ணாடி மறுபடியும் கொட்டகை ஆணிக்கே போனது; அடுத்த முறைகளுக்கு அவள் போகவில்லை.

இப்படியே கிழவியானாள். முதுகு வளையவில்லை, பல் விழவில்லை. பிரசவ வலி எடுத்தவர்கள் அவள் இடுப்புக்கயிற்றை வயிற்றில் கட்டிக்கொண்டார்கள். கூப்பிட்டால் போய்விடுவாள், திட்டிக்கொண்டே போவாள். "எடுத்துக்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கோ, எனக்கு மிச்சம் வைக்காதே" என்று அவள் சொல்வதைக் கேட்டு ஜனங்கள் உருகுவார்கள். என்ன தாராளம் என்று கேட்லின் கண்ணைத் துடைப்பாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றும்.

போன வருஷம் கோவில் மணி விண்டுபோனது. அடித்தால் ஓட்டைப் பானையைத் தட்டுகிற சத்தம். யோரிஸ் என்கிற மணிவார்ப்புக்காரர் தன் ஆட்களோடு வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாகவே பள்ளம் தோண்டி அச்சுக் கட்டினார். புது மணிக்கு வெண்கலம் மட்டும் போதாது. வீட்டில் இருக்கிற புண்ணிய ஸ்தலத்துச் சின்னங்களையெல்லாம் ஜனங்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்; வார்ப்புக்காரர் அவற்றை அச்சில் பதித்துவிடுவார். மணியின் உடம்பில் அந்த உருவங்கள் எழும்பி நிற்கும். அப்புறம் மணிச் சத்தம் எட்டுகிற இடத்துக்கெல்லாம் அந்த அருளும் போகும். இடி, ஆலங்கட்டி, பேய், எதுவும் அண்டாது.

இதைக் கேட்லின் என் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஆலெய்ட் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"சத்தம் எட்டுற இடத்துக்கெல்லாமா?"

"ஆமா. வயல், வீடு, ஆறு, எல்லாம்."

"மண்ணுக்குக் கீழே?"

ஆலெய்ட் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொட்டகைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளத்துக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். பள்ளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கோசன் கிடக்கிறான்.

யோரிஸ் கையெல்லாம் களிமண். வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பழைய வேலை. சட்டம் நல்லாப் பதியும். ஆனா கண்ணாடி ஆகாதும்மா, அதை எடுத்துரணும். நடுவுல ஓட்டையாத்தான் விழும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள். "அதுல யாரும் இருக்க வேண்டாம்."

அவர் கத்திமுனையால் நெம்பினார். கண்ணாடித் துண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. குப்புறக் கல்லின் மேல் வைத்து, மரச்செருப்பால் ஒரே மிதி. நொறுங்கியது. "அப்பாடா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

வெண்கலம் ஊற்றிய பிறகு, மணி பள்ளத்தில் ஆறிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை என் வாசலில் வந்து நின்றாள். கன்னம் சிவந்திருந்தது.

"நேசே, தொட்டுப் பாரு."

நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"சுடுதா?"

"சுடுது அண்ணி. வாங்க, உள்ள வந்து படுங்க."

"நிஜமா சுடுதா? பொய் சொல்லலையே?"

"அடுப்பு மாதிரி சுடுது! போதுமா?"

சிரித்தாள். கல்யாணத்தன்று இந்த வீட்டுப் படியேறியபோது அப்படிச் சிரித்தாள், நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காய்ச்சலுக்குச் சந்தோஷப்படுகிற இந்தப் பைத்தியக்காரியை விட்டால் எனக்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அதை அவளிடம் சொன்னேன், கத்தியே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இன்னொரு தடவை தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கவில்லை. மணியைப் பள்ளத்திலிருந்து எடுத்துக் கோபுரத்தின் கீழே வைத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்: மாதா இருக்கிறாள், அங்கி இருக்கிறது, நடுவில் வட்டமாக வெறுமை, எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது என்று. இது பொய் இல்லை. ஆனால் அதை அடிக்க முடியாது. சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் ஆள் வந்து மந்திரித்து எண்ணெய் பூசினால்தான் அடிக்கலாம். மழையில் சாலை போய்விட்டது, அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்.

சாமியார் எவர்ட் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஒரே ஒரு அடி, சாமி. அவ காதுல விழட்டும்."

"மந்திரிக்காத மணி வெறும் வெண்கலம், நேசே. அதை அடிச்சா என்ன போகும்? சத்தம்தான் போகும்."

ஆலெய்டிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "சரிதான். வெறும் சத்தம் அவனுக்கு எதுக்கு?" மூச்சு இழுத்தது. அதே இழுப்பு, கோசனுக்கு இருந்தது போலவே விசில். "கேளு. அடிக்கும்போது நான் இருக்க மாட்டேன். நீ கூட்டத்தோட வாயைப் பிளந்துகிட்டு கோபுரத்தைப் பார்க்காதே. கோசன்கிட்ட போ. மண்ணுல கையை வை. இறங்குதான்னு பாரு."

"பார்க்கிறேன்."

"வந்து சொல்லு."

"யார்கிட்ட வந்து சொல்றது?"

"என்கிட்டதான். எங்க போயிடப் போறேன், பக்கத்துலதானே போடுவாங்க. பொய் சொல்லாதே."

சாகப்போகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் வாங்கிக்கொண்டு மறுநாள் விடிகாலையில் போனாள். மேற்றிராணியாரின் ஆள் அதற்கடுத்த நாள் நனைந்த கோழி போல வந்து சேர்ந்தார். மணியை உள்ளும் புறமும் தண்ணீரால் கழுவினார்கள், எண்ணெய் பூசினார்கள், சாம்பிராணி போட்டார்கள், மேலே ஏற்றினார்கள். புது மணியின் முதல் அடி ஆலெய்டின் அடக்கத்துக்குத்தான் என்று சாமியார் சொன்னார். ஊருக்கே அது பெருமையாக இருந்தது. மாதா தொட்டவளுக்கு மாதா செய்த மரியாதை என்று கேட்லின் அழுதாள்.

எல்லோரும் கோவில் வாசலில் நின்றார்கள். நான் கோசனிடம் போனேன். புல் மண்டிக் கிடந்தது. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. முழந்தாளிட்டு இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அழுத்தினேன்.

மணி அடித்தது. நல்ல குரல், கனத்த குரல். காக்கைகள் எழும்பின. ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கும். நான் கையை இன்னும் அழுத்தினேன். மறுபடி அடித்தது. மறுபடியும். குளிர்ந்த மண். ஈரம். வேறு ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், காதை வைத்துப் பார்த்தேன். சத்தமெல்லாம் என் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

கோவிலிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் தோண்டி வைத்திருந்த குழியருகே பாடையை இறக்கினார்கள். நான் எழுந்து நின்றேன். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்துகிற வரைக்கும் என்னால் காத்திருக்க முடியவில்லை.

"இறங்குது அண்ணி" என்றேன், சத்தமாகவே. "நல்லா இறங்குது. என் கை நடுங்குற அளவுக்கு இறங்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்லின் என் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். நான் கையிலும் கன்னத்திலும் இருந்த சேற்றைத் துடைக்காமல், அவர்கள் மண் தள்ளி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.